மூன்றாம் தரம் உள்ளே வந்த கன்ட்ரோல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இதையெல்லாம் சொல்லியிருப்பேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பேசாமல் சேல்ஸ் பக்கம் மாறச் சொல், கையில் நாலு காசு நிற்கும்" என்று குறுக்கே குறுக்கே பேசியதில் ஒன்றையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சேல்ஸ் விஷயம் அப்புறம். முதலில் உன் குளுக்கோஸ் லாட், அதாவது ரத்தச் சர்க்கரை பார்க்கும் கிட்டில் நீ தரம் சோதித்துக்கொண்டிருக்கும் அந்தத் தொகுதி.

எனக்குப் புரிந்த வரை இதுதான் நடந்திருக்கிறது. சாதாரண அளவு கன்ட்ரோல், அதாவது சர்க்கரை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த சோதனை மாதிரி, ஒழுங்காக வருகிறது. உயர் அளவு கன்ட்ரோல் இரண்டு தடவை, வரவேண்டிய சராசரியிலிருந்து 2 எஸ்டிக்கும் (எஸ்டி என்பது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) அதிகமாகக் கீழே போய்விட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து நின்று, மாசக் கடைசி, இன்னொரு தரம் ஓட்டிப் பார் என்றார். மூன்றாம் தரம் 1.9 எஸ்டியில் கோட்டுக்கு உள்ளே வந்தது. அதையே ரிசல்ட்டாக எழுதச் சொல்கிறார். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடாதே.

அவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் உனக்குக் குழப்பம். எவ்வளவு நல்ல ரீஏஜென்ட் (சோதனைக் கரைசல்) என்றாலும் நூறு தடவை ஓட்டினால் நாலைந்து தடவை 2 எஸ்டிக்கு வெளியே விழத்தான் செய்யும். இரண்டு அளவு கன்ட்ரோல் வைக்கிற இடத்தில் ஏதாவது ஒன்று வெளியே விழ ஏறக்குறைய 9 சதவீத வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் லாட்டைத் தூக்கிப்போட்டால் கம்பெனி நடக்காது. 1981-ல் வெஸ்ட்கார்டும் கூட இருந்தவர்களும் லேப் தரச்சோதனைக்கு விதிகளை வகுத்தபோது ஒற்றைப் புள்ளி 2 எஸ்டியைத் தாண்டுவதை எச்சரிக்கையாக மட்டும் வைத்தது இதற்காகத்தான். அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: அடுத்தடுத்து இரண்டு, ஒரே பக்கம் தாண்டினால் நிறுத்து. இரண்டுமே கீழே விழுவது தற்செயல் என்றால் அது இரண்டாயிரத்தில் ஒரு தடவை நடக்கலாம். உன் மூன்றாவது புள்ளியும் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது, மயிரிழையில் கோட்டுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவே. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன.

உன் அப்பாவும் இப்படித்தான். சர்க்கரை 240 என்று வந்தால் "அந்த லேப் சரியில்லை" என்று அடுத்த தெருவுக்குப் போவார். அங்கே 228. மூன்றாவது இடத்தில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போய்க் கொடுத்தால் 190. அந்தத் தாளைத்தான் ஃபைலில் வைத்திருக்கிறார்.

சரி, என்ன செய்வது? சாதாரண அளவில் சரியாகவும் உயர் அளவில் குறைவாகவும் வந்தால் என் முதல் சந்தேகம் என்சைம் மேல்தான். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் போதாமல் இருந்தால் 100 மில்லிகிராம் உள்ள சாம்பிளில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், 400 உள்ளதில் முடியாது. அதனால் பத்தாவது நிமிடம் ரீடிங் எடுத்த அதே டியூபை இருபதாவது நிமிடமும் 505 நானோமீட்டர் ஒளியில் வைத்துப் பார். நிறம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஏறவில்லை என்றால் புது கன்ட்ரோல் குப்பி ஒன்றை உடைத்து, நீயே பிப்பெட் பிடித்துக் கரை. பழைய குப்பியை யாரோ வெளியே வைத்து மறந்திருக்கலாம், கரைக்கும்போது தண்ணீர் கூடிப்போயிருக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் போன மாத லாட்டைப் பக்கத்தில் வைத்து ஓட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அவசரத்தில் குப்பி, தண்ணீர், கியூவெட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எது சரியானது என்று கேட்டால் முழிப்பார்கள்.

இந்த கிட் எங்கே போகும் என்று யோசித்துப் பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் தினமும் இரண்டு அளவு கன்ட்ரோல் வைப்பார்கள், வெளியிலிருந்து வரும் தரச்சோதனைத் திட்டத்திலும் சேர்ந்திருப்பார்கள். நம் பக்கத்து லேப்கள் பல வேலூர் சிஎம்சி நடத்தும் திட்டத்தில் இருக்கின்றன. தப்பு அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் சரக்கில் நிறைய போவது சின்ன ஊர்களில், செமி ஆட்டோ மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே பெண் ரத்தமும் எடுத்து ரிப்போர்ட்டும் அடிக்கும் இடங்களுக்கு. செலவுக்குப் பயந்து உயர் அளவு கன்ட்ரோலை அங்கே பலர் வாங்குவதே இல்லை. 420 உள்ள ஆளுக்கு 340 என்று ரிப்போர்ட் போகும். யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் 340-ம் நம்பும்படியான எண்தான்.

காஸ்டிக் சோடா ஆலையில் நான் சேர்ந்தபோது என் வேலை உப்புக்கரைசலில் கால்சியம் பார்ப்பது. இடிடிஏ டைட்ரேஷன், அதாவது கால்சியம் மாதிரி உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. ஒயின் சிவப்பு, நீலமாகத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காக ஷிப்ட் முழுக்க பியூரெட் முன்னால் நிற்போம். மின்சாரம் பாய்ச்சிச் சோடா எடுக்கும் மெம்பிரேன் செல்லுக்குள் போகும் கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் சேர்த்து பில்லியனில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் மெம்பிரேனுக்குள் படிந்து மின்செலவு ஏறும். அங்கிருந்து மதுரைக்கு ரத்தப் பரிசோதனை லேபுக்கு வந்தபோது, ஃபேக்டரி கெமிஸ்டுக்கு இங்கே என்ன தெரியும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஒரு நாள் ஒரு பெரியவரின் சாம்பிளில் பொட்டாசியம் 9, கால்சியம் 4. அந்த எண்கள் உண்மையென்றால் ஆள் பிழைத்திருப்பதே கஷ்டம். அவரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் மெஷினைக் குறை சொன்னார்கள். நான் ஏஎல்பி என்ற என்சைம் எவ்வளவு என்று கேட்டேன், அதுவும் அதலபாதாளத்தில். ஊதா மூடி டியூபில் இருந்த ரத்தத்தை யாரோ சிவப்பு மூடி டியூபில் கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா டியூபில் இருப்பது அதே இடிடிஏ, பொட்டாசியம் உப்பாக. பொட்டாசியத்தைக் கொட்டும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏஎல்பிக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பறிக்கும். பியூரெட்டில் பழகிய சரக்கு என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. மறுபடி ரத்தம் எடுத்தால் எல்லாம் சாதாரணம். அப்புறம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கன்ட்ரோல் ரீடிங்குக்கு நீ தினமும் புள்ளி வைக்கிற அந்தச் சார்ட்டே தொழிற்சாலையில் பிறந்ததுதான், தெரியுமா? 1924-ல் டெலிபோன் கருவி செய்யும் கம்பெனிக்காக ஷூஹார்ட் போட்டது. லெவியும் ஜென்னிங்ஸும் 1950-ல்தான் அதை ரத்த லேபுக்குக் கொண்டுவந்தார்கள்.

மாசக் கடைசி என்றார் அல்லவா உன் மேனேஜர். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்த இருமல் மருந்தை 2025 அக்டோபரில் சென்னையில் பரிசோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை, ஒழுங்காக ஒரு டெஸ்ட் போட்டாலே தெரிந்துவிடும் விஷயம். உன் லாட்டையும் அதையும் ஒன்றாக வைத்துப் பயமுறுத்தவில்லை, ராசா. ஆனால் அவசரம் என்ற சொல்லை க்யூசி (தரச்சோதனை) மேஜை முன்னால் யார் சொன்னாலும் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

மேனேஜரிடம் சண்டை போடாதே. மூன்று ரீடிங்கையும், மூன்றாவதை மட்டுமல்ல, நேரத்தோடு ரெஜிஸ்டரில் எழுது. "லாட் நிறுத்திவைப்பு, காரணம் தேடப்படுகிறது" என்று ஒரு வரி போட்டு மெயிலில் அனுப்பு. வாயால் சொன்னால் நீ பிடிவாதக்காரன், எழுத்தில் இருந்தால் அது கம்பெனி ரெக்கார்ட். அடுத்த ஆடிட்டில் அவரே உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும், சொல்லமாட்டார்.

இப்போது சேல்ஸ். இந்த வேலையில் பெயரும் கிடையாது, பெரிய பணமும் கிடையாது. நான் இருந்த இடத்தில் ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்துதான் இருக்கும், என் பெயர் கன்ட்ரோல் ரெஜிஸ்டரோடு சரி. நீ மாறுவதானால் அப்ளிகேஷன் பக்கம் போ. மெஷின் வைத்த லேபுகளுக்குப் போய்ப் பிரச்சினையைத் தீர்க்கிற வேலை. ஊர் சுற்றவும் செய்யலாம், கெமிஸ்ட்ரியும் கைவிட்டுப் போகாது, அப்பா சொல்லும் நாலு காசும் ஓரளவு வரும். டார்கெட்டைத் துரத்தும் சேல்ஸ் உனக்கு ஒத்துவராது, விலை பேசத் தெரியாமல் கத்தரிக்காய் வாங்குகிற ஆள் நீ. எங்கே போனாலும் இந்த லாட் முடிந்த பிறகு போ.

இருபதாவது நிமிட ரீடிங் என்ன வந்தது என்று மட்டும் நாளைக்கு மெசேஜ் போடு.

அன்புடன்
அம்மா