சிப்பிக்குள் சேரும் உலோகம்

ஆசிரியருக்கு,

கடல் அமிலமயமாதல் பற்றிய செய்திகள் சிப்பியின் ஓடு மெலிவதோடு நின்றுவிடுகின்றன. சதையில் சேரும் உலோகத்தையும் பேச வேண்டும். தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; இது குறைந்தால் அமிலத்தன்மை கூடும்) சுமார் 8.2-லிருந்து 8.1 ஆகிவிட்டது. பிஹெச் இறங்கினால் செம்பைப் பிடித்துவைக்கும் கார்பனேட் குறைந்து, எதோடும் பிணையாத, நச்சுத்தன்மை மிகுந்த தனிச் செம்பு அயனி (மின்னூட்டம் பெற்ற செம்பு அணு) கூடும். காட்மியம் என்ற நச்சு உலோகம் கடல்நீரின் குளோரைடோடு பிணைந்திருப்பதால் அந்தப் பிணைப்பைப் பிஹெச் அவ்வளவாக அசைக்காது; ஆனால் அது சிப்பிக்குள் சேர்வதை வெப்பம் கூட்டும். நீர் சூடாகச் சூடாக, தாங்கும் எல்லை வரை, சிப்பியின் ஆக்சிஜன் தேவை ஏறும். செவுள் வழியே உலோகமும் கூடுதலாக உள்ளே வரும்.

ஆகவே சதையிலுள்ள உலோகத்தை அளக்கச் சிப்பி மாதிரி எடுக்கும் இடத்திலேயே வெப்பநிலை, உப்புத்தன்மை, பிஹெச் மூன்றையும் பதிய வேண்டும். சிப்பியைச் சுத்தமான கடல்நீரில் 24 மணி நேரம் விட்டபிறகே சதையை அறுக்க வேண்டும். இல்லையென்றால் குடலில் கிடக்கும் சேற்றின் உலோகமும் கணக்கில் ஏறிவிடும்.