உயிரியல் ஆசிரியர் ஒருவரைக் கேட்டு, கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாத விடயம் உங்களுக்குப் புதிதல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதங்கள் உங்கள் கோப்பில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. மாற்றலாகிப் போன ஆசிரியர் மீதும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குடும்பத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்து படிப்பித்தவர், காலம் முடிந்தது, போனார். பதிலாள் வந்து கடமையேற்குமுன் அவரை ஏன் விடுவித்தீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

அவர் போன நேரம் பிள்ளைகளுக்குப் புரதத் தொகுப்பு, அதாவது கலம் புரதத்தைக் கட்டும் விதம் பற்றிய பாடம், நடந்துகொண்டிருந்தது. டி.என்.ஏ.யைப் பார்த்து எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்திப் பிரதி எடுக்கப்படுவது வரை சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பிரதி கலத்தின் கருவை விட்டு வெளியே வந்து, அதைச் சுற்றியுள்ள குழியவுருவில் நிற்கிறது. இனி புரதம் கட்டும் நுண்ணுறுப்பான இறைபோசோம் அதைப் பிடித்து, மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். என் மகளின் கொப்பியில் அந்த இடத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது, சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டபடி. கீழே ஒன்றுமில்லை.

மிச்சத்தைப் பிள்ளைகள் நோட்ஸ் போட்டோகொப்பி எடுத்துப் படிக்கிறார்கள். கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி. அதில் கோடோன் எனும் மூன்றெழுத்துக் குறிகளின் அட்டவணை ஒரு பக்கம் முழுவதும். 64 கோடோன்கள், அவற்றில் 61 அமினோ அமிலங்களுக்கு, 3 சங்கிலியை நிறுத்துவதற்கு. எழுத்து என்னவோ நான்குதான்: யூ, சி, ஏ, ஜி. ஆனால் மை மங்கி, ஜி-யின் வால் அழிந்து, பாதி இடத்தில் ஜி எல்லாம் சி போலத் தெரிகிறது. ஜி-ஏ-ஜி என்றால் குளுட்டாமிக் அமிலம். அதையே சி-ஏ-சி என்று வாசித்தால் ஹிஸ்டிடின். பிள்ளை பேனையை எடுத்து வாலைப் போட்டுப் பார்க்கிறாள். எந்தெந்தப் பெட்டியில் போடுவது என்று யாரிடம் கேட்பாள்? நானும் ஒரு காலத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள்தான், ஆனால் அட்டவணை முழுதும் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒரு எழுத்துத்தானே என்று நினைக்காதீர்கள். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் புரதத்தின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவதற்கான ஜி-ஏ-ஜி, ஜி-யூ-ஜி ஆகிவிட்டால் குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வலின் வந்து உட்காரும். மற்ற 145உம் சரியாகவே இருக்கும். ஆனால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால் செங்குழியம் அரிவாள் மாதிரி வளைந்து சிறு குருதிக் குழாய்களை அடைத்துவிடும். இதைக் கரும்பலகையில் கீறிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். ஒரேயொரு ஆள்.

டவுனில் ரியூசன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகளோடு. பின்வரிசையிலிருந்து பார்த்தால் பலகையில் கீறிய இறைபோசோமில் ரி.ஆர்.என்.ஏ. வந்து இருக்கும் ஏ (A) இடம் எது, பி (P) இடம் எது என்று பிரித்தறிய முடியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதால் எங்கள் பிள்ளைகள் வகுப்பு முடிய முதலே எழும்பிவிடுவார்கள். அந்த இறைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்து 2009இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அதே வருடம்தான் எங்கள் பக்கத்தைத் திருகோணமலை நகரோடு இணைக்கும் கிண்ணியாப் பாலமும் திறந்தது. பாலம் வந்தால் ஆசிரியர்கள் இந்தப் பக்கம் வருவார்கள் என்று நினைத்தோம். இப்போது பிள்ளைகள்தான் அதில் ஏறி அந்தப் பக்கம் போகிறார்கள்.

கலத்துக்குள் ஒரு கட்டளை வெளிக்கிட்டால் அது போய்ச் சேருகிறது. காவியான ரி.ஆர்.என்.ஏ. தனக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு சரியான கோடோனுக்கு வருகிறது. மேலதிகாரி லீவு, அடுத்த கிழமை வாருங்கள் என்று சொல்வதில்லை. சில நிமிடங்களில் ஒரு புரதச் சங்கிலி முடிந்துவிடும். எம்.ஆர்.என்.ஏ.யும் வேலை முடிந்தபின் சிதைக்கப்பட்டுவிடும். எங்கள் கடிதங்களுக்கு அந்தப் பயம் இல்லை, கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் ஒதுக்கீடு, அதில் திருகோணமலையும் ஒன்று. நல்லது, நன்றி. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டி போடவும் பாடத்தை யாராவது படிப்பித்திருக்க வேண்டாமா? நாடா வெட்டித் திறந்த ஸ்மார்ட் போர்ட் ஒன்றும் எங்களிடம் உண்டு. துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம், தூசு படக்கூடாதே.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் பக்கத்திலும் ஆளணிப் பற்றாக்குறை இருக்கும், தெரியும். நாங்கள் கேட்பது புதுக் கட்டடமல்ல, ஒரு உயிரியல் ஆசிரியர். நிரந்தர நியமனத்துக்குக் காலம் எடுக்குமென்றால், இந்தத் தவணையிலேயே வேறொரு பாடசாலையிலிருந்து கிழமைக்கு 2 நாளாவது தற்காலிக இணைப்பில் ஒருவரை அனுப்புங்கள். இனியாவது, பதிலாள் வந்து கடமையேற்கும் வரை பாட ஆசிரியர் யாரையும் விடுவிக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

வருகிறவருக்குத் தங்க அறையும் சாப்பாடும் பெற்றோர் நாங்கள் பொறுப்பு. பெண் ஆசிரியை என்றால் எங்கள் வீட்டிலேயே தங்கலாம். எந்தெந்த நாட்கள் என்று மட்டும் அதிபருக்கு அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உயர்தர மாணவி ஒருத்தியின் தாய்,
மூதூர்ப் பிரதேசம், திருகோணமலை.