கடைசிப் பத்து நொடி: ஆன் ஆர்பரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி கடைசி நொடியில் தோற்றது பற்றி ஏழெட்டு வரியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. கையில் இருந்த வெற்றியை ஒரு வீரர் கோட்டைவிட்டார் என்பதோடு முடித்திருந்தீர்கள். 2015 அக்டோபர் 17 அன்று அந்த அரங்கில் இருந்த 1,11,740 பேரில் நானும் ஒருத்தி. அந்த ஏழெட்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சியில் முடியவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். அதற்கென்றே அணியில் தனியாக ஓர் ஆள் உண்டு. எங்கள் அணியில் அந்த ஆள் பிளேக் ஓநீல். மெல்போர்னில் ஆஸ்திரேலிய விதி ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர், யூட்டாவில் உள்ள வீபர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு இந்த ஆண்டுதான் இங்கே வந்தார்.

1927இல் கட்டிய இந்த அரங்கம்தான் அமெரிக்காவிலேயே பெரியது. ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை அதற்குள் உட்காரும் கூட்டமும் ஆன் ஆர்பர் ஊரின் மொத்த மக்கள்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேர்த் திருவிழா மாதிரி ஊரே மஞ்சளும் நீலமுமாக நடந்து போகும். போன ஆண்டு ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று தலைகுனிந்து நின்றோம். எண்பதுகளில் இதே அணிக்கு ஆடிய ஜிம் ஹார்பா பயிற்சியாளராகத் திரும்பி வந்ததும் எல்லாம் மாறியது. முதல் ஆட்டத்தில் யூட்டா பல்கலைக்கழகத்திடம் தோற்றோம், பிறகு தொடர்ந்து ஐந்து வெற்றி. அதில் கடைசி மூன்றில் பிரிகாம் யங், மேரிலாண்ட், நார்த்வெஸ்டர்ன் மூன்று அணிகளுக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணி. 2007இல் எங்கள் வீரர் ஒருவர் அவர்களைத் ‘தம்பி’ என்று இளக்காரமாகச் சொன்னார். அதற்குப் பின் நடந்த ஏழு ஆட்டங்களில் ஆறில் தம்பிதான் ஜெயித்தான். இந்த முறை கணக்குத் தீர்க்கலாம் என்று நினைத்தோம். என் மகளும் நானும் ஃபிளாஸ்கில் காபியும் ஒரு பொட்டலம் முறுக்குமாக மதியமே போய்விட்டோம்.

பத்து நொடி மீதி இருக்கும்போது நாங்கள் 23, அவர்கள் 21. எங்களுக்கு நான்காவது முயற்சி, இரண்டு கெஜம் பாக்கி. ஓநீல் பந்தை உதைத்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஆட்ட நிகழ்ச்சி நூலை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பந்து தாழ்வாக வந்தது. ஓநீல் குனிந்து எடுக்கப் பார்த்தார், கையில் நிற்கவில்லை. மறுபடி எடுத்தார், திரும்பி எப்படியாவது உதைத்துவிடப் பார்த்தார். அதற்குள் எதிரணி ஆட்கள் மேலே விழுந்துவிட்டார்கள். பந்து துள்ளி அவர்களுடைய ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் போய் உட்கார்ந்தது. 38 கெஜம் ஓடினார். அவர் எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தொட்டு ஆறு புள்ளி எடுத்தபோது கடிகாரத்தில் பூஜ்ஜியம். 27-23. ஆட்டம் முழுக்க ஒரு நொடிகூட முன்னிலையில் இல்லாத அணி ஜெயித்துவிட்டது.

அந்தக் கணத்தில் அரங்கம் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? எதிர் மூலையில் அவர்களுடைய ஆட்கள் போடும் கூச்சல் துல்லியமாகக் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், துஷ்டி வீட்டு வாசலில் நிற்பதுபோல. திருகின மூடி என் கையிலேயே இருந்தது.

நான் திட்டினேன். தமிழில், வாய்க்கு வந்தபடி, ஓநீலைத் திட்டினேன். சுற்றி இருந்த யாருக்கும் புரியவில்லை. என் மகளுக்குப் புரிந்தது. “அம்மா, அவன் வேணும்னா விட்டான்?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு அவளே தன் போனில் காட்டினாள். அந்தப் பையனுக்கு எங்கள் அணியின் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் என்னென்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? செத்துப் போ, ஊருக்குத் திரும்பிப் போ என்றெல்லாம். பல்கலைக்கழகத்தின் இடைக்கால விளையாட்டு இயக்குநர் ஜிம் ஹாக்கெட் வெளிப்படையாகக் கடிதம் எழுதி இதைக் கண்டிக்க வேண்டி வந்தது. ஒரு மாணவருக்குச் சொந்த ஊர்க்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்கிற நிலை. நான் திட்டினது யார் காதிலும் விழவில்லை என்பதைத் தவிர, எனக்கும் அவர்களுக்கும் அன்று என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் துணுக்கைப் படித்ததும் அதே யோசனை திரும்ப வந்தது.

சரி, கணக்குப் பார்ப்போம். மூன்று ஆட்டமாகப் புள்ளியே கொடுக்காத எங்கள் தடுப்பாட்டம், அன்று மிச்சிகன் ஸ்டேட்டின் கானர் குக் பந்தை வீசி 328 கெஜம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கடைசி உதையின்போது மிச்சிகன் ஸ்டேட் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை. எல்லோரும் உதையைத் தடுக்கப் பாய்ந்து வருகிறார்கள் என்பது என் போன்றவளுக்கே தெரிந்தது. அப்படியிருந்தும் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓரத்தில் தனியாக நின்றார்கள். அவர்களை உள்ளே அழைத்து ஓநீலுக்கு முன்னால் வேலி போட்டிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது ஆண்டுக்கு ஐந்து மில்லியன் டாலர் வாங்கிய பயிற்சியாளரும் அவருடைய உதவியாளர்களும். உதைத்த பையனுக்குச் சம்பளம் கிடையாது. கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பதுதான் 2015இல் இங்கே இருந்த விதி. பந்தின் மேல் அப்படியே விழுந்து படுத்திருக்கலாம் என்கிறார்கள். உண்மைதான், படுத்திருக்கலாம். பத்துப் பேர் பாய்ந்து வரும்போது ஒரு நொடியில் அதை யோசிக்க வேண்டும்.

உங்கள் துணுக்கில் இல்லாத இன்னொன்று: இதே ஆட்டத்தில் இதே ஓநீல் ஒரு பந்தை 80 கெஜம் உதைத்தார். ஆடுகளத்தின் நீளமே நூறு கெஜம்தான். அப்போது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம்.

வாட்ஸ்-ஜாக்சனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோட்டைத் தொட்ட கையோடு அவர் மேல் குவியலாக ஆட்கள் விழுந்ததில் இடுப்பு மூட்டு விலகி எலும்பும் உடைந்துவிட்டது. அவருக்கு இந்தப் பருவம் முடிந்தது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் ஓட்டம், அதைக் கொண்டாட எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனது எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனைக்குத்தான். எனக்கு அந்தப் பையன் மேல் துளிக் கோபம் இல்லை. நன்றாகத் தேறி வரட்டும்.

உங்கள் இதழ் இங்கே பல வீடுகளுக்கு வருகிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் புரட்டிப் பார்க்கிறார்கள். முடிந்தால் அடுத்த இதழில், அந்தத் துணுக்கு வந்த அதே இடத்தில், 80 கெஜ உதையையும் ஹாக்கெட்டின் கடிதத்தையும் பற்றி நாலு வரி போடுங்கள். அது போதும்.

அன்று எல்லோரும் கலைந்த பிறகும் பக்கத்து இருக்கைப் பெரியவர் எழுந்திருக்கவில்லை. மீதிக் காபியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு மூடியைத் துடைத்துத் திருப்பித் தந்தவர், “ரட்கர்ஸ் ஆட்டத்தில் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். ரட்கர்ஸ் அணியோடு ஆட்டம் நவம்பர் 7, இதே அரங்கம். ஓநீல் முதல் பன்ட்டுக்கு உள்ளே வரும்போது எழுந்து நின்று கைதட்டுவது என்று மகளும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆன் ஆர்பர், மிச்சிகன்.