சாந்து குழைக்கப் போகும் மகனுக்கு

மார்த்தாண்டம்
4.2.2018

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அக்கா மகனுக்கு அடுத்த மாதம் கோவிலில் திடப்படுத்தல் ஆராதனை. மற்ற ஊர்ச் செய்திகளை அம்மா போனில் சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது ஹைட்டி விஷயமாக.

காலையில் கோவில் முடிந்து வந்ததும் அக்கா மகள் போனில் ஒரு படம் காட்டினாள். உங்கள் சபையார் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நிற்கிறீர்கள். இந்த மாதக் கடைசியில் ஒரு வாரம் ஹைட்டியில் வீடு கட்டப் போகிற குழு என்று கீழே போட்டிருக்கிறதாம். உன் கையில் கொத்துக்கரண்டி. எங்களிடம் நீ சொல்லவில்லை. நேரம் கிடைத்திருக்காது, சரி. மற்றவர்கள் எல்லாம் குடும்பத்தோடு நிற்கிறார்கள், நீ மட்டும் ஓரத்தில் நிற்கிறாய். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அம்மா கேட்டாள். அதெல்லாம் இருக்காது என்று சொன்னேன்.

மக்களே, முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கை கரண்டியைத் தொடக் கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். பத்தாம் வகுப்பு லீவில் நீ கூலிக்கு வருகிறேன் என்று சாரத்தடியில் வந்து நின்றதும், நான் உன்னை வீட்டுக்கு விரட்டியதும் உனக்கு மறந்திருக்காது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற நீ, முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்காக லீவு எடுத்து, டிக்கெட் காசும் கையிலிருந்து போட்டு, சாந்து குழைக்கப் போகிறாய். சாயங்காலம் நம் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு உங்கள் குழுவுக்காகச் சபையில் ஜெபிக்கலாம் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் கரண்டியை நீ பிடித்திருக்கும் விதம் சரியில்லை. கட்டைவிரல் பிடியின் மேலே இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் இரண்டாம் நாளே மணிக்கட்டு வீங்கிவிடும். கையுறை கட்டாயம் போடு. சிமெண்ட் ஈரத்தோடு தோலில் நின்றால் வெந்துவிடும், முதல் நாள் தெரியாது. என் விரல் இடுக்குகளைப் பார்த்து வளர்ந்தவன் நீ, அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கரீபியன் கடலில் இருக்கிற அந்த நாட்டைப் பற்றி அக்கா மகளை இணையத்தில் தேடி வாசிக்கச் சொன்னேன். 2010 ஜனவரி 12-ஆம் தேதி சாயங்காலம் 4.53-க்கு பூமி குலுங்கியிருக்கிறது. அளவு 7.0. தலைநகரத்துக்கு மேற்கே லெயோகான் பக்கத்தில். இறந்தவர்கள் ஒரு லட்சம் என்கிறார்கள், மூன்று லட்சத்துக்கும் மேல் என்று அந்த அரசாங்கம் சொல்கிறது. தலைநகரத்துக் கத்தீட்ரல் இடிந்தது, பேராயரே இறந்துபோனார். அதே வருஷம் பிப்ரவரி 27-ல் சிலியில் 8.8. அது எத்தனையோ மடங்கு பெரிய அதிர்ச்சி, ஆனால் அங்கே இறந்தவர்கள் 500 பேருக்குச் சற்று மேல். இதை வாசித்த பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் வரவில்லை. சிலியில் கட்டட விதி கண்டிப்பு. ஹைட்டியில் ஏழை கட்டிய வீட்டைப் பார்க்க ஆளில்லை. சிமெண்ட் குறைத்து அடித்த ஹாலோ பிளாக், மெலிந்த தூண், வழவழப்பான கம்பி, அதன் தலையில் கனத்த கான்கிரீட் தளம். புயலுக்குப் பறக்கக் கூடாதென்றுதான் அந்தத் தளத்தைப் போட்டிருக்கிறார்கள். அது குலுக்கலில் கீழே உட்கார்ந்துவிட்டது. அந்த ஊரில் புயலும் வரும், பூமியும் அசையும். இரண்டுக்கும் தாங்குகிற வீடு வேண்டும்.

நீங்கள் போவது தெற்கே லெ காய் பக்கம் என்று போட்டிருக்கிறது. 2016 அக்டோபர் 4-ல் மேத்யூ புயல் அடித்த இடம். அந்தப் பக்கமெல்லாம் தகரக் கூரைகள் மொத்தமாகப் பறந்திருக்கின்றன. புயல் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நவம்பர் 30-ல் ஓகி வந்து நம் ஜில்லாவை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவன். வாழையும் ரப்பரும் சாய்ந்து, கரண்டு கம்பம் எல்லாம் விழுந்து கிடந்தன. தூத்தூர், சின்னத்துறையில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. நம் வீட்டு மேற்கு ஓடு முழுக்கப் போனது உனக்குத் தெரியும். நீ பணம் அனுப்பினாய், உடனே அனுப்பினாய், அதைக் குறை சொல்ல மாட்டேன். லீவு கிடைக்காது என்றாய். அம்மா அதைத் தப்பாக எடுக்கவில்லை. இப்போது லீவு கிடைத்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்.

சரி, கூரை. சுவர் தலையில் சுற்றிவர ஓடுகிற பெல்ட் கான்கிரீட் போடும்போதே அதிலிருந்து கம்பியை மேலே விட்டு, உத்தரத்தைச் சுற்றி மடக்கிக் கட்டச் சொல். வெறும் ஆணியில் நிற்கிற தகரத்தைக் காற்று உருவிக்கொண்டு போய்விடும், திருகாணி போட வேண்டும். ஓரத்திலும் முகட்டிலும் நெருக்கிப் போட வேண்டும், காற்று முதலில் பிடிக்கிற இடம் அதுதான். இறவாரம் அதிகம் நீளக் கூடாது. நாலு பக்கமும் சரிகிற கூரை இரண்டு பக்கக் கூரையைவிட நிற்கும்.

சுவருக்கு வருகிறேன். முதலில் தூண் போட்டுப் பிறகு இடையில் பிளாக்கை அடைக்கிற வேலையா, சுவர் ஓரத்தில் பிளாக்கை நீட்டியும் உள்வாங்கியும் பல் விட்டுக் கட்டி அதன்பின் தூண் வார்க்கிற வேலையா என்று கேள். இரண்டாவதுதான் அங்கே நல்லது. பூகம்பத்துக்குப் பிறகு அந்த அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையே அப்படிக் கட்டச் சொல்லிப் படம் போட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறதாம். சுவரும் தூணும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பியின் கொக்கி உள்பக்கமாக மடங்கியிருக்கிறதா என்று நீயே குனிந்து பார். கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. பிளாக் ஒன்றைத் தூக்கி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார். தூளாக நொறுங்கினால் அந்த அடுக்கே வேண்டாம் என்று சொல்.

எனக்கு உள்ளதிலேயே பெரிய கவலை தண்ணீர்தான். நீங்கள் இருப்பது ஒரு வாரம். சிமெண்ட் வேலை நன்றாக இறுக ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், அந்த வெயிலில் இன்னும் இரண்டு நாள் கூட வேண்டும். முதல் நாள் கட்டின வரிக்கு நீங்கள் இருந்து ஊற்றலாம். கடைசியில் போட்ட பெல்ட்டுக்கு? நீங்கள் சாவியைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, ஜெபித்துவிட்டு விமானம் ஏறியபின் அந்தப் பச்சைச் சுவருக்கு யார் குடம் தூக்குவார்கள்? அங்கே தண்ணீர் தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டியது. பெண்களும் பிள்ளைகளும் தலையில் சுமக்கிறார்களாம். குடிக்கச் சுமந்த தண்ணீரைச் சுவரில் ஊற்று என்று சொல்ல முடியுமா? ஆகவே போகுமுன்பே குழுத் தலைவரிடம் பேசி, நீங்கள் திரும்பியபின் தண்ணீர் ஊற்றுவதற்கென்று அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி ஒதுக்கச் சொல். சாக்கு வாங்கி நனைத்துப் போர்த்தச் சொல். உன் பங்குப் பணம் எதற்கும் போகாவிட்டாலும் இதற்குப் போகட்டும். ஒரு நாளில் நாலடிக்கு மேல் சுவரை ஏற்றவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்கிற அவசரத்தில் எழுப்பிய சுவரை நான் நம்ப மாட்டேன். பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மீதியை அங்குள்ளவர்கள் கட்டட்டும்.

அங்குள்ளவர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதையும் கேள். அங்கே கொத்தனார் இல்லாமல் இல்லை. அவர்களை 'பாஸ்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம், நீயும் அப்படியே கூப்பிடு. நூல் பிடிப்பதும் தூக்குக்குண்டு விடுவதும் அவர் கையில் இருக்கட்டும். நீ கல் எடுத்துக் கொடு, கலவை சும, கம்பி கட்டு. கையாள் வேலை கேவலமான வேலை இல்லை, உன் அம்மா என் பக்கத்தில் நின்று செய்த வேலை அது. உங்களில் ஒருவருடைய விமானக் காசு அங்கே ஒரு கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் பார். இதைப் போகாதே என்பதற்காகச் சொல்லவில்லை. போ. ஆனால் உங்களால் அந்த மனுஷனுடைய அந்த வாரக் கூலி போகக் கூடாது, கூட வர வேண்டும். 1804-லேயே அடிமை விலங்கை உடைத்துத் தனி நாடாக எழுந்த ஜனம் அவர்கள். அதற்கு 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலைக் கொண்டு நிறுத்தி நஷ்டஈடு கேட்டு, அந்தக் கடனை நூறு வருஷத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். கையேந்திப் பிறந்தவர்கள் என்ற நினைப்போடு அங்கே கால் வைக்காதே.

கோட்டில்பாட்டில் சுனாமி வீடு கட்டியபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது கல்லூரியில். வாசலைக் கடல் பார்க்க வையுங்கள், போன வள்ளம் திரும்புவது தெரிய வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். பிளான் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லி ரோட்டைப் பார்த்து வைத்தார்கள். நல்ல வீடுகள்தான், இன்றைக்கும் விரிசல் இல்லை. ஆனாலும் பெண்கள் பின்பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீ போகிற வீட்டில் யார் தூங்கப் போகிறார்களோ அவர்களிடம் கேள். அங்கே கரி அடுப்பு, சமையல் வெளியே. அடுப்புக்கு மழை படாத இடம் எங்கே என்று கேள். முன்னால் திண்ணை வேண்டுமா என்று கேள்.

குடிதண்ணீர் விஷயத்தில் கவனம். 2010 அக்டோபரில் அங்கே காலரா வந்து கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். உதவிக்கு வந்திருந்த ஐ.நா. படையின் முகாம் கழிவு ஆற்றில் கலந்துதான் அது வந்தது. 2016 டிசம்பரில்தான் ஐ.நா. தலைவர் பான் கி மூன் அந்த ஜனத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஆகவே நீ குடிப்பதிலும் கவனமாக இரு, உங்கள் குழுவின் கழிவு எங்கே போகிறது என்பதிலும் கவனமாக இரு. கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள், ஒன்று நனைந்துவிடும். மாலையில் கை கழுவியதும் தேங்காயெண்ணெய் தடவு.

அம்மா முந்திரிக்கொத்து செய்து வைத்திருக்கிறாள், அக்கா மாப்பிள்ளையின் சிநேகிதர் இந்த வாரம் அங்கே வருகிறார், கொடுத்துவிடுகிறோம். போன கிறிஸ்துமசுக்கு வந்த பார்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சேலை நன்றாக இருந்தது. எப்போதும் மருமகள் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கும், இந்தத் தடவை உன் கையெழுத்து. அம்மா அந்தச் சேலையை இன்னும் உடுத்தவில்லை.

மக்களே, ஊர் கடந்து ஊர் போய் வீடு கட்டுகிற மனசு உனக்கு இருக்கிறதே என்று நான் பெருமைப்படுகிறேன். பொய் இல்லை. ஆனால் மூன்று ஞாயிறாகப் போனில் நீ மட்டும்தான் வருகிறாய். குளிக்கிறாள் என்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். சின்னவள் ஒரு தடவை வந்தாள், பின்னால் இருந்த சுவர் உங்கள் வீட்டுச் சுவர் இல்லை. கட்டட வேலை செய்தவனுக்குச் சுவர் தெரியும். நீ கலங்க வேண்டாம். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஊரிலும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஹைட்டிக்குப் போகும் முன்பு ஒரு நாள் நீ அவள் இருக்கிற இடத்துக்குப் போய், பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போ. திரும்பி வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளாதே. அவளை எங்களோடு பேசச் சொல். நான் எதுவும் கேட்க மாட்டேன், சுகமா என்று மட்டும் கேட்பேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன்.

மே மாதம் லீவு கிடைத்தால் மூன்று பேருமாக வாருங்கள். கிடைக்காவிட்டால் நாங்கள் வருகிறோம். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று.

உன் அப்பா