ஹட்டன் நகரச் சிறு சாப்பாட்டுக் கடைகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறு சாப்பாட்டுக் கடைகளை நடத்துவோரும் அவற்றில் வேலை செய்வோரும்,
ஹட்டன்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நகர சபை,
ஹட்டன் – டிக்கோயா.

விடயம்: சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்குமுன் சாப்பாட்டுக் கடைகளின் கழிவுநீருக்கு எண்ணெய் தேக்கும் தொட்டிகள் அமைத்தலும், எங்கே எந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்கும் என்பதைக் காட்டும் பலகைகள் வைத்தலும்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

மஸ்கெலியா, சாமிமலை, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புறப்பட்டாலும், வங்கிக்கோ டொக்டரிடமோ நீதிமன்றத்துக்கோ கொழும்பு பஸ்ஸுக்கோ சனங்கள் வந்து இறங்கும் இடம் ஹட்டன். இறங்கியதும் தேடுவது ஒரு பிளேன்டீயையும் கடிக்க ஏதாவதையும்தான். விடியுமுன்னே தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச் சம்பலும், ஏழு மணிக்கு இடியப்பமும் சொதியும், பத்து மணிக்கு உளுந்து வடை, நண்பகலில் பருப்பு, கோவா, லீக்ஸ், கிழங்குக் கறியுடன் சோறு, மாலையில் கொத்து ரொட்டி. இந்த நேரக்கணக்கில்தான் நகரத்தின் சிறிய கடைகள் ஓடுகின்றன. சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மேசை காலியாக இருப்பதில்லை. உந்துவப் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் போயா வரை, அதாவது டிசம்பரிலிருந்து மே வரை, நல்லதண்ணி வழியாக மலை ஏறுகிறவர்களும் இதே மேசைகளில்தான் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கடைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நடக்கும் பரிசோதனைகளை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் கடைக்குள்ளே எவ்வளவு துடைத்தாலும் தீராத ஒரு பிரச்சினை கடைக்குப் பின்னால் இருக்கிறது. அது வடிகான். அதைத் தனிக் கடைக்காரர் ஒருவரால் தீர்க்க முடியாது. அதனால்தான் இந்த மனு.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் சமையலில் பாதிக்கு மேல் தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். கொழும்பில் அது நாள் முழுக்கத் தண்ணீராகவே ஓடும். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஹட்டனில் போத்தலுக்குள்ளேயே உறைந்து நிற்கும். பச்சைத் தண்ணீரில் பீங்கான் கழுவினால் எண்ணெய் கரையாது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் விரலில் வழுக்கும். எனவே பொயிலரிலிருந்து சுடுதண்ணீர் எடுத்துக் கழுவ வேண்டும். பீங்கான் பளிச்சென்று வந்துவிடும். உருகிய எண்ணெயோ சூட்டோடு குழாய்க்குள் போய், ஐந்தாறு மீற்றர் தாண்டி, குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டதும் மெழுகு போல ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் சோற்றுப்பருக்கை, ரொட்டி மா, தேயிலைச் சக்கை எல்லாம் படிகின்றன. உள்ளே பீங்கான் எவ்வளவு சுத்தமாகிறதோ, வெளியே கான் அவ்வளவு வேகமாக அடைபடுகிறது. அடைபட்ட கான் மழை பெய்த அன்று வீதிக்கு வருகிறது. இது காலநிலையின் கோளாறு. கான் துப்புரவு செய்யும் நகர சபை ஊழியர்களின் குறை அல்ல. அவர்கள் கம்பி விட்டுக் குத்திச் சரிசெய்த இடமே திரும்பவும் அடைபடுவதற்குக் காரணம், எண்ணெய் கானுக்குள் வராமல் தடுக்க வழி இல்லாததுதான்.

அந்த வழி மிகச் சாதாரணமானது. கழிவுநீர் கானில் விழுமுன் ஒரு தொட்டியில் 20 நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் எண்ணெய் மேலே மிதந்து உறையும், மண்டி அடியில் தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். இரண்டு கழுவுதொட்டி உள்ள ஒரு கடையில் இரண்டு குழாயும் திறந்திருக்கும்போது நிமிடத்துக்கு சுமார் 15 லீற்றர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 300 லீற்றர் தொட்டி வேண்டும். உள்ளளவு 120 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 50. ஐந்து கடைகள் ஒரே பின்சந்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1,500 லீற்றர் தொட்டி ஒன்று போதும்: நீளம் இரண்டரை மீற்றர், அகலம் ஒரு மீற்றர், ஆழம் 60 சென்ரிமீற்றர். நகரத்தின் பெரும்பாலான சிறிய கடைகளின் பின்பக்கத்தில் தனித்தொட்டி கட்ட இடமில்லாததால், பொதுத் தொட்டியையே நாங்கள் கேட்கிறோம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இவற்றில் ஒன்று பிசகினாலும் தொட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

உள்ளே வரும் குழாயின் வாயில் சோறு, கறிவேப்பிலை, எலும்பு தங்கும்படி கழற்றக்கூடிய வலைக்கூடை வேண்டும். தொட்டியின் நடுவே, மேற்பகுதியை மறித்து அடியில் வழிவிடும் ஒரு குறுக்குச் சுவர் வேண்டும். வெளியேறும் குழாய் டீ வடிவ இணைப்புடன் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அடியிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். நேராக மேலே வைத்தால் மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வெளியே போகும். தொட்டியை கழுவுதொட்டிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. சுடுதண்ணீர் அப்படியே வந்து விழுந்தால் உறைந்த எண்ணெயும் உருகிப் போய்விடும். நான்கைந்து மீற்றர் தள்ளி, வெயில் படாத வெளியிடத்தில் இருந்தால் எங்கள் குளிரே பாதி வேலையைச் செய்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கூரைத் தண்ணீர் எந்த வகையிலும் இதற்குள் வரக் கூடாது. பீலியைத் தொட்டியில் திருப்பிவிட்டால், ஜூன், ஜூலை மழையில் ஒரே இரவில் தேங்கிய எண்ணெய் முழுவதும் கானுக்குப் போய்விடும். மூடி, ஒருவர் தூக்கக்கூடிய இரண்டு துண்டுகளாக இருக்கட்டும். சீமெந்து பூசி மூடிய தொட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மேலே மிதக்கும் எண்ணெய்ப் படையும் அடியிலுள்ள மண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசியைத் தொட்டதும் அள்ள வேண்டும். 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அது 15 சென்ரிமீற்றர். ஒரு தடியை விட்டுப் பார்த்தாலே தெரியும். அள்ளும் வேலையைக் கடைகள் முறைவைத்துச் செய்யும். அள்ளியதை மூடி போட்ட வாளிகளில் கிழமைக்கு ஒரு தடவை நகர சபை வண்டி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. வண்டி வராவிட்டால் அந்த வாளி எங்காவது ஓடையில்தான் கவிழும். இங்குள்ள ஓடைகள் போய்ச் சேர்வது பெரிய ஆறுகளுக்கு.

கொத்து ரொட்டிக் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிசைந்த கோதுமை மாவை உருண்டை பிடித்து எண்ணெய்த் தட்டில் மணிக்கணக்கில் ஊற வைத்தால்தான் ரொட்டியை மெல்லியதாக வீச முடியும். இரவு கடை சாத்தும்போது அந்தத் தட்டில் மிஞ்சும் மாவும் எண்ணெயும் கலந்த களிதான் கானை அடைக்கும் பொருட்களில் மிக மோசமானது. அதற்குத் தொட்டி மட்டும் போதாது. தட்டையும் தாச்சியையும் கழுவுமுன் மரத்தூளாலோ பழைய கடதாசியாலோ வழித்துக் குப்பைப் பையில் போட வேண்டும். இதைக் கட்டாயமாக்கினால் நாங்கள் எதிர்க்க மாட்டோம். பொரித்துக் கருத்த எண்ணெயை 20 லீற்றர் கலன்களில் சேர்த்து வைக்கிறோம். அதை சவர்க்காரம் செய்பவர்களிடம் ஒப்படைக்க ஒரு ஏற்பாட்டை நகர சபை செய்து தர வேண்டும். திரும்பவும் வடை பொரிக்க அது எவர் கைக்கும் போகக் கூடாது.

பரிசோதனையின்போது பார்க்கப்படும் இன்னும் இரண்டு விடயங்களில் வழிகாட்டல் கேட்கிறோம். பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுகள் 2023 ஒக்ரோபர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால் பிரம்புத் தட்டுகளே பயன்படுகின்றன. அவை ஆவியில் பழுப்பேறுவது இயல்பு; கரும்புள்ளி விழுந்தால்தான் பூஞ்சணம். மழை மாதங்களில் வெயில் கிடைக்காமல் இரண்டாவது நடக்கிறது. கழுவிய தட்டுகளை அடுப்புக்கு மேலே சட்டத்தில் செங்குத்தாக நிறுத்திக் காய வைத்து, காலையில் மாப் பிழியுமுன் வெறும் தட்டைப் பத்து நிமிடம் அவித்தெடுக்கலாம். கரும்புள்ளி விழுந்த தட்டைக் கழித்துவிட வேண்டும், பழுப்பேறியதற்குக் குற்றம் எழுதக் கூடாது என்ற ஒரே அளவுகோல் எல்லாக் கடைக்கும் இருந்தால் நல்லது.

மற்றது, கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், கட்லட் வைத்து மேலே மின்குமிழ் எரியவிடும் வழக்கம். அந்தக் குமிழ் உணவைச் சூடாக வைப்பதில்லை, வெதுவெதுப்பாக்குகிறது. 60 பாகைக்கு மேலே வைத்தால் கிருமி பெருகாது, 5 பாகைக்குக் கீழே வைத்தால் மிக மெதுவாகத்தான் பெருகும். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் வேகமாகப் பெருகும். மீன் ரோல்ஸை அப்படி அரை நாள் வைப்பதைவிட, சிறுசிறு தொகையாகப் பொரித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் விற்று முடிப்பதே சரி. பெட்டியில் பொரித்த நேரத்தை எழுதி ஒட்டுவதை விதியாக்குமாறு கேட்கிறோம். பீங்கான், கோப்பை கழுவிய பின் 10 லீற்றர் தண்ணீருக்கு 5 வீத குளோரின் திரவம் ஒரு மேசைக்கரண்டி கலந்து ஒரு நிமிடம் முக்கி எடுக்கும் முறையையும் அனைவருக்கும் ஒரே நாளில் செய்து காட்டலாம். சமையல் செய்பவர்களும் பீங்கான் கழுவுபவர்களும் வரக்கூடிய நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை. காலையில் வைத்தால் முதலாளிமார் மட்டுமே வருவார்கள்.

இனி, வெளியூரிலிருந்து வருபவர்கள் பற்றி. யாத்திரைக் குழுவில் வரும் பலர் மச்சம் (மீன், இறைச்சி) சேராத கடையைத் தேடுகிறார்கள். சிலருக்கு ஹலால் வேண்டும். குழந்தையுடன் வரும் தாய்மாருக்குச் சாப்பாட்டைவிட மலசலகூடம் முதலில் தேவை. இந்த மூன்றையும் பஸ்ஸை விட்டிறங்கி ஆளாளுக்கு விசாரித்து அலைவதற்குள் அடுத்த பஸ் போய்விடுகிறது. எனவே புகையிரத நிலைய வாயிலிலும், பிரதான பஸ் நிலையத்திலும், மஸ்கெலியா – நல்லதண்ணி பஸ்கள் நிற்குமிடத்திலும் ஒவ்வொரு பலகை வைக்குமாறு கோருகிறோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி போதும்: கடையின் பெயர், நடந்து போகும் தூரம், சைவமா அசைவமா, ஹலாலா, திறக்கும் நேரம், சாத்தும் நேரம், மலசலகூடம் உண்டா, கடைசிப் பரிசோதனையில் கிடைத்த தரம். காசு கொடுத்தவரை மேலே போடும் விளம்பரப் பலகையாக அது ஆகிவிடக் கூடாது. அனுமதிப்பத்திரம் பெற்ற எல்லாக் கடைகளும் தூர வரிசையில் இருக்கட்டும். தரம் குறைந்த கடையின் பெயருக்கு எதிரே அந்தத் தரமும் அப்படியே தெரியட்டும். திருத்திக்கொள்ள அதைவிட நல்ல தூண்டுதல் இல்லை.

விலையைப் பலகையில் எழுத வேண்டாம், அடிக்கடி மாறும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விலைப்பட்டியல் கடையிலேயே தெரிய வேண்டும். பிளேன்டீ, பால் தேநீர், ரொட்டி, இடியப்பம், மரக்கறிச் சோறு, கொத்து ஆகிய ஆறின் விலையையும் வாசலில் நின்று வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதி வைக்க நாங்கள் பொறுப்பேற்கிறோம். உள்ளே உட்கார்ந்த பிறகு விலை கேட்கக் கூச்சப்படுகிற வயதானவர்கள் தோட்டப்புறங்களிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். வாசலிலேயே விலை தெரிந்தால் அவர்கள் கையிலிருக்கும் காசுக்கு ஏற்றதைத் தயங்காமல் கேட்பார்கள்.

நேரம் பற்றியும் ஒரு வேண்டுகோள். பருவகாலத்தில் சூரிய உதயம் பார்க்க மலை ஏறுகிறவர்கள் முன்னிரவில் ஹட்டனைக் கடக்கிறார்கள். இறங்கியவர்கள் முற்பகலில் பசியோடு திரும்புகிறார்கள். போயா தினங்களிலும் வார இறுதிகளிலும் குறைந்தது இரண்டு சைவக் கடைகளாவது இரவு முழுவதும் திறந்திருக்க முறைப்பட்டியல் ஒன்றை நாங்களே தயாரித்துத் தருகிறோம். அந்த இரவுகளில் பஸ் நிலைய மலசலகூடம் பூட்டப்படாமலும், வீதி விளக்குகள் எரிந்தும், குப்பை வண்டி விடியற்காலையில் ஒரு தடவை மேலதிகமாக வந்தும் உதவ வேண்டும்.

தொட்டிகளுக்கான செங்கல், சீமெந்து, குழாய் ஆகியவற்றின் செலவை, தொட்டியைப் பகிரும் கடைகள் தமக்குள் பிரித்து ஏற்கும். நகர சபையிடம் கேட்பது இடத்துக்கான அனுமதி, மட்டம் பார்த்துத் தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர், கழிவெடுக்கும் வண்டி, பலகைகள் ஆகியவை மட்டுமே. முதலில் கான் அதிகமாக அடைபடும் ஒரு பின்சந்தில் ஒரு பொதுத் தொட்டியைக் கட்டி இரண்டு மாதம் பார்க்கலாம். ஒக்ரோபர், நவம்பரில் பிற்பகல் மழை வலுத்து கொங்கிரீட் வேலை தடைப்படும் என்பதால், செப்டெம்பருக்குள் இடம் குறிக்கப்பட வேண்டும்.

சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கலந்துகொள்ளும் கூட்டமொன்றுக்குத் திகதி ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம். தொட்டியின் அளவுப் படத்தையும் கடைகளின் பட்டியலையும் அன்று கையளிப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஹட்டன் நகரச் சிறு சாப்பாட்டுக் கடை நடத்துவோரும் ஊழியர்களும்

பிரதிகள்: சுகாதார வைத்திய அதிகாரி; பொதுச் சுகாதாரப் பரிசோதகர்