தங்கச்சி வேலைக்குப் போகுமுன்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. போனில் பேச ஆரம்பித்தால் உன் வீட்டிலோ என் வீட்டிலோ ஒரு பிள்ளை அழுது வைக்கிறது, அதனால் எழுதியே கேட்கிறேன் என்றாயே, அது நல்ல யோசனை. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் பால்வாடியில் டீச்சருக்கே பாடம் எடுக்கிறானாம். சின்னவள் நடக்கப் பழகிவிட்டாள். செருப்பு ஸ்டாண்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம். எனக்கு டவுன் கிளைக்கு மாற்றல். பஸ் நெரிசல் மிச்சம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவிக்கு, அதான் நம் தங்கச்சிக்கு, 26 வாரப் பேறுகால விடுப்பு முடிகிறது, பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைகிறது, ஊரிலிருந்து உன் அம்மா வருகிறார்கள். மூன்றும் ஒன்றாக வந்து விழுகிறது. ‘நான் என்னலே செய்யணும்?’ என்று கேட்டிருக்கிறாய். உதவி செய்கிறேன் என்று இடுப்பில் கை வைத்து நிற்காதே, அதுதான் முதல் வேலை. பாலையும் மருந்தையும் முழுசாக உன் பொறுப்பில் எடுத்துக்கொள். தீர்ந்ததா, இருக்கிறதா, எப்போது கொடுத்தது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வார்கள், அதில் நீ அதிகம் வாய் திறக்காமல் இருந்தாலே வீடு அமைதியாக இருக்கும்.

தங்கச்சி வேலைக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துப் பழகட்டும். கடைசி நாளில் ஆரம்பித்தால் பதற்றத்திலேயே பால் வராது. மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கு. ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கிறதோ அந்த அளவாக ஒரு டப்பாவில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டு. எடுத்த பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. உங்கள் ஓசூர் குளிருக்குச் சரி, எங்கள் ஊர் சித்திரையில் அதை நம்ப முடியாது. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை வைக்கலாம். கதவுத் தட்டில் வைக்காதே, திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். உள்ளே பின்பக்கமாக வை.

இன்னொன்று. ஃப்ரிட்ஜில் இருந்த தாய்ப்பால் மேலே கொழுப்புத் தனியாக, கீழே தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். அம்மா பார்த்தால் ‘திரிஞ்சு போச்சு’ என்று வாஷ்பேசினில் ஊற்றிவிடுவார்கள். அந்தப் பால் எடுக்கத் தங்கச்சி என்ன பாடு பட்டிருப்பாள்! முதல் நாளே காட்டிவிடு. லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டப்பாவைச் சற்று நேரம் நிறுத்தினால் போதும். பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

எதில் புகட்டுவது என்று கேட்டாய். பாலாடைதான். எங்கள் பக்கம் சங்கு என்றும் சொல்வோம். உன்னையும் என்னையும் வளர்த்த சாமான் அது. புட்டியின் ரப்பரிலும் மூடியின் மரையிலும் ஒட்டும் பாலை எவ்வளவு தேய்த்தாலும் முழுசாக எடுக்க முடியாது. பாலாடை திறந்த பாத்திரம், கழுவிக் கொதிநீரில் போட்டால் முடிந்தது. பிள்ளையை மடியில் பாதி உட்கார்ந்த வாக்கில் பிடி. மூக்கு மாதிரி நீண்ட நுனியைக் கடைவாயோரம் உதட்டில் வைத்து, பால் நுனிக்கு வரும் அளவுக்கு மட்டும் சாய். அதுவாகவே நாக்கை நீட்டி உறிஞ்சும். விழுங்கியதும் அடுத்தது. தொண்டைக்குள் ஊற்றக் கூடாது, படுக்க வைத்தும் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் சட்டையெல்லாம் பால்தான், மனதைத் தளரவிடாதே. நம் நாட்டில் பால் புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா? எனக்குப் பெரியவன் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

தங்கச்சி ஆபீசில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். நாளில் நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். அது இல்லாவிட்டாலும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டவென்று நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் அவள் பால் எடுத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் கேட்கக் கூச்சப்படுவாள், கேட்கச் சொல்.

சோறு விஷயத்தில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் பெரிய சண்டை வராது, ஓரிரண்டு இடம் தவிர. ஆறு மாதம் முடிந்ததும் முதலில் இரண்டு மூன்று கரண்டி. சின்னக் கரண்டியைச் சொல்கிறேன். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, ஒரு சொட்டு நெய். கெட்டியாக இருக்கட்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடாமல் ஒட்டி நிற்கிற பதம். நம் வீடுகளில் எல்லாவற்றையும் துணியில் வடித்துத் தண்ணீராக ஊற்றுவார்கள். சின்ன வயிறு அது, தண்ணீரால் நிரம்பிவிட்டால் சத்துக்கு எங்கே இடம்? கேழ்வரகுப் பாலும் அப்படித்தான். ராத்திரி ஊறவைத்து அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சுவார்கள் அல்லவா, ஆரம்பத்துக்கு அது நல்லதுதான். ஆனால் சத்தில் ஒரு பங்கு திப்பியோடு போய்விடும். வயிறு பழகியதும் முளைகட்டிய கேழ்வரகு மாவுக்கு மாறிவிடு. முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்து உடைவதால் கஞ்சி களி மாதிரி இறுகாமல் இளகி நிற்கும், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம். என் வீட்டுக்காரி நாகர்கோவில்காரி, ஏத்தங்காய்ப் பொடிதான், அதாவது நேந்திரங்காய்ப் பொடிதான், உசத்தி என்பாள். நான் எதிர்க்கட்சி இல்லை, இரண்டையும் கொடுத்தோம்.

முட்டையை ஒரு வயது வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் வரும் இரும்புச்சத்து பிள்ளைக்குப் போதாது. முட்டை, கீரை, ஈரல் எல்லாம் அதற்காகத்தான். புதுசாக எதைக் கொடுத்தாலும் ஒவ்வொன்றாகக் கொடு, ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று தெரியும். ஒரு வயது வரை தேன் மட்டும் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடும். உப்பும் சர்க்கரையும்கூட அதுவரை வேண்டாம். ‘உப்பில்லாமல் எப்படி இறங்கும்?’ என்று அம்மா கேட்பார்கள். ருசி தெரிந்தவர்கள் நாம்தான், அதற்கு இன்னும் தெரியாது என்று சொல்லிப் பார்.

அம்மா ஒரு மூட்டை கொண்டுவருவார்கள் பார், உரை மருந்துக் கல், வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் என்று. இங்கே நான் கடைப்பிடித்த வழியைச் சொல்கிறேன்: வாய், மூக்கு, காது, கண் இவற்றுக்குள் எதுவும் போகக் கூடாது, வெளியில் அவர்கள் இஷ்டம். எண்ணெய் தேய்க்கட்டும், காலை நீவி விடட்டும், அதில் அவர்கள் கைப்பக்குவம் நமக்கு வராது. ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் இறங்கும், வேண்டாம். வசம்பைத் தூளிக் கயிற்றில் கட்டட்டும், உரசி நாக்கில் தடவ வேண்டாம். மையைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வைக்கட்டும், கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். கடை மையில் ஈயம் கலந்திருப்பது உண்டு. இதை நேரடியாக அம்மாவிடம் தங்கச்சி சொன்னால் மாமியார் மருமகள் கதையாகிவிடும். நீ சொல். டாக்டர் மேல் பழியைப் போட்டுச் சொல், அவர் கோவித்துக்கொள்ள மாட்டார்.

தூளியும் அப்படித்தான், கட்டட்டும். தரைக்கு ஒரு முழம் உயரத்தில் இருக்கட்டும், கீழே பாய் விரித்து வை. சேலை முகத்தில் மூடாமல் விரித்துப் பிடிக்க மேலே கட்டை போடு. பிள்ளை கையை ஊன்றி எழ ஆரம்பித்ததும் அவிழ்த்துவிடு, அழுதாலும் சரி.

இப்போது மருந்து. இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. பாராசிட்டமால் என்று ஒரே பெயரில் மூன்று விதமாகக் கடையில் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120. இன்னொரு சிரப்பில் 5 மில்லிக்கு 250. பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உன் மகன் 7 கிலோ என்று வைத்துக்கொள். அவனுக்குச் சொட்டு மருந்தில் ஒரு மில்லி போதும். 120 சிரப்பில் அதே அளவு வர ஏறக்குறைய 4 மில்லி, 250 சிரப்பில் 2 மில்லி. ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ‘போன தடவை 4 மில்லி கொடுத்தோமே’ என்று சொட்டு மருந்தில் 4 மில்லி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசி. நாலு மடங்கு. அதனால் வீட்டில் ஒரே வகையை மட்டும் வாங்கி வை. டாக்டரிடம் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி என்று எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. எடை ஏற ஏற மாற்றி எழுதச் சொல். கொடுத்த நேரத்தை அதன் கீழேயே குறி. நீ கொடுத்தது தெரியாமல் அம்மாவும் கொடுக்கக்கூடும். அளக்கச் சமையல் கரண்டி ஆகாது, ஊசியில்லாத சிரிஞ்சு வாங்கிக்கொள். வைட்டமின் டி சொட்டிலும் இதே குழப்பம் உண்டு, 400 யூனிட்டா 800 யூனிட்டா என்று பாட்டிலைத் திருப்பிப் பார்.

இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது டாக்டர்களுக்கே அறிவுறுத்தியது. மருந்துக் கடைக்காரர் அன்பாக எடுத்துக் கொடுப்பார், வாங்காதே. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஆறாம் ஏழாம் மாதத்தில் வயிற்றால் போகும். ‘பல் முளைக்குது, அப்படித்தான் போகும்’ என்று தெருவே சொல்லும். பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை. அந்த வயதில் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிறது, காரணம் அதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலக்கு. பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் முழுசாக, அளந்து. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் போடக் கூடாது, உப்பு ஏறிவிடும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தாதே. 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுக்கச் சொல்வார்கள், பேதி நின்றுவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதே. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. அந்தச் சர்க்கரை பேதியை இன்னும் கூட்டும். பிள்ளை ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடு.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி இருக்கிறது, அட்டையைப் பத்திரமாக வை. இதற்குமேல் எழுதினால் நானும் தெருக்காரன் ஆகிவிடுவேன்.

ராத்திரி விழிப்பை எப்படிப் பங்கு போடுவது என்றும் கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் ஒரு மணி வரை நான், அதன் பிறகு அவள் என்று ஓடியது. உங்கள் வீட்டில் யாருக்கு எப்போது தூக்கம் பிடிக்குமோ அதைப் பார்த்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பேசுங்கள், ராத்திரி பேசினால் சண்டைதான்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்கு என் வணக்கம். ரயிலில் கீழ் பெர்த் கிடைத்ததா? கேழ்வரகு அனுப்பட்டுமா என்று இவள் கேட்கிறாள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாங்கள் கேழ்வரகு அனுப்புவதா! ஆடியில் வரும்போது நீ ஒரு அஞ்சு கிலோ கொண்டு வா. முழு தானியமாக, கல் பொறுக்கியதாக.

அன்புடன்,
சங்கர்