லோர்ன் கிரீனின் செய்திக் குரலை ஒலிபரப்புங்கள்: சிபிசி வானொலிக்கு ஒரு திறந்த மடல்

கனேடிய ஒலிபரப்புக் கழகத்தின் வானொலிப் பிரிவினருக்கு வணக்கம்.

லோர்ன் கிரீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குதிரையும் தொப்பியும்தான். 1959 முதல் 1973 வரை ‘பொனான்சா’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மூன்று பிள்ளைகளின் தகப்பனாக, பென் கார்ட்ரைட்டாக வந்தவர். அந்தப் புகழில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. ஆனால், அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போகுமுன் அவர் உங்கள் ஆள். அந்த வேலையை மட்டும் ஒரு பட்டப்பெயரோடு முடித்துவிடுகிறோம்.

1915-இல் ஒட்டாவாவில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் உங்கள் தேசியச் செய்தியின் முதன்மை வாசிப்பாளர். ‘கனடாவின் குரல்’ என்று நீங்கள் பெயர் வைத்தீர்கள். நேயர்கள் வைத்ததோ ‘அழிவின் குரல்’. காலம் அப்படி. 1940-இல் பிரான்ஸ் விழுந்தது. 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹொங்கொங் சரணடைந்தது. அங்கே போயிருந்த ஏறத்தாழ 2,000 கனேடியப் படையினரில் உயிர் தப்பியவர்கள் ஜப்பானியரிடம் கைதிகளானார்கள். போரில் இறந்தவர்களின் பெயர்களையும் அந்தக் கனத்த குரலில்தான் நாடு கேட்டது.

இந்தப் பட்டப்பெயரை வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உறுத்துகிறது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் எங்களில் பலர் போருக்குள் வானொலி கேட்டவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் தயவில் பிபிசி தமிழோசை கேட்போம். கை ஓய்ந்தால் செய்தியும் தேய்ந்துபோகும், “சுத்தடா!” என்று யாராவது கத்துவார்கள். பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு, அவன் பெயர் வந்துவிடக் கூடாதே என்று வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்த கனேடியத் தாயின் நிலை எங்களுக்குப் புதிதல்ல.

தொழில் தெரிந்த மனிதர் அவர். ரொறன்ரோவில் வானொலிக் கலைக்கென்றே ஒரு பள்ளி நடத்தினார். பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற லெஸ்லி நீல்சன் அங்கே படித்தவர். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: பின்னோக்கி ஓடும் நிறுத்துக்கடிகாரம். எவ்வளவு நேரம் போயிற்று என்பது அறிவிப்பாளருக்கு எதற்கு? இன்னும் எத்தனை விநாடி பாக்கி என்பதல்லவா வேண்டும்! வாசித்துக்கொண்டே மனதுக்குள் கழித்தல் கணக்குப் போட்டால் நாக்குத் தடுமாறும். அதற்காக அவரே யோசித்துச் செய்தது அது. அந்தக் கடிகாரத்தைக் காட்ட நியூயோர்க் போன இடத்தில்தான் தயாரிப்பாளர் ஒருவரைச் சந்தித்து, தொலைக்காட்சி நாடக வாய்ப்புப் பெற்றார். ஆக, நட்சத்திரத்துக்கு வழிவிட்டதும் வானொலிக்காரர்தான்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் 11 நினைவு நாளில், உங்கள் காப்பகத்தில் எஞ்சியிருக்கும் அவருடைய போர்க்காலச் செய்தி வாசிப்பு ஒன்றை வெட்டாமல் ஒலிபரப்புங்கள். பின்னணி இசை வேண்டாம், ‘பொனான்சா’ மெட்டு வேண்டவே வேண்டாம். பழைய இசைத்தட்டின் கீறல் சத்தம் இருந்தால் இருக்கட்டும். அறிமுகமாகத் தேதியும், அன்றைய போர் நிலைமையும் போதும். அப்புறம், இன்று உங்களிடம் செய்தி வாசிக்கும் ஒருவரை அழைத்து, கிரீன் எங்கே நிறுத்துகிறார், எங்கே வேகத்தைக் குறைக்கிறார் என்று ஐந்து நிமிடம் பேசவிடுங்கள்.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு நேயர்